ஈட்டிகளுக்குப் பெரட்டு எடுத்தது

ஈட்டி சுவரிலிருந்து இறங்கி வந்து நந்தகுமாரின் முன்னால் நின்றபோது, அந்தமானின் கராச்சர்மாவில் அந்த வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரி ரெங்கம்மா, பரிமாற வசதியாகச் சமையலறை வாசலோரம் ஸ்டூலில். அவள் கணவர் அழகையா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மின்விசிறிக்கு நேர் கீழே பிரம்பு நாற்காலியில். மகள் கார்த்திகா வாசற்படியில், செல்போனுக்கு அங்கேதான் சிக்னல் என்பதால். விருந்தாளி நந்தகுமார், சிப்பிகாட் பக்கம் புதிதாக ரிசார்ட் கட்டியிருந்தவர், ஈட்டிகள் மாட்டிய சுவருக்கு எதிரே சோபாவில். அவர் மனைவி ஷோபனா ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். சாப்பாடு முடிந்து பாயசம் வரும் நேரம். நந்தகுமார் சுவரின் நடுவே இருந்த ஒன்றைக் காட்டி, "இது ஜாரவா ஈட்டிதானக்கா?" என்று கேட்டார். அந்த ஈட்டி ஆணியிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டது. ஆளில்லாத கைத்தடி நடப்பதுபோல் மேசையைச் சுற்றி ஊன்றி ஊன்றி வந்து, அவர் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் டைல்ஸில் அடியைக் குத்தி நிமிர்ந்து நின்றது. இரும்பு முகம் அவர் மூக்குக்கு நேராக இருந்தது. தண்டு மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்தது.

அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஷோபனா மட்டும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் செய்யாதுங்க," என்றார் அழகையா. "தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அதுபாட்டுக்குப் போயிரும். பாயசம் ஆறுது." நந்தகுமார் சொன்னார். ஈட்டி வந்த வழியே திரும்பிப் போய் ஆணியில் ஏறிக்கொண்டது. தரையில் ஓட்டை ஒன்று கூடியது. அந்தத் தரையில் ஏற்கெனவே பல ஓட்டைகள் உண்டு, பெரும்பாலும் உறவுக்காரர்கள் செய்தவை. நந்தகுமாரின் முகத்தில் பயம் எழுந்துபோன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்ததை ரெங்கம்மா கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அவர் பாயசத்தில் முந்திரி போட்டிருக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். ரெங்கம்மா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில், யாரும் உரிமை கேட்டு வராத சரக்குகளை ஏலம் விடும் பிரிவில் வேலை பார்த்தாள். ஒருமுறை கட்டுக் கட்டாகத் திரைச்சீலைக் கம்பிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்று கம்பி அல்ல, பழைய ஆப்பிரிக்க ஈட்டி. அதை அவளே எடுத்தாள். பிறகு கப்பல்காரர்கள் கொண்டுவந்தவை, மெயின்லேண்டில் பழைய சாமான் கடைகளில் கிடைத்தவை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஈட்டியின் ஊரைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் இலை, அதாவது மேலே உள்ள இரும்பு முகம்: அகலமா ஒடுக்கமா, நடுவில் நரம்பு ஓடுகிறதா, ஒரு பக்கம் குழிந்தால் மறுபக்கம் புடைத்திருக்கிறதா. பிறகு இலையைத் தண்டோடு சேர்க்கும் குழல்: தகட்டை மடக்கி வாயைத் திறந்தே விட்டதா, காய்ச்சி அடித்து ஒட்டியதா. பிறகு கட்டு: மாட்டுவால் தோலைப் பச்சையாக உறைபோல் மாட்டிக் காயவிட்டிருந்தால் தெற்கே தேட வேண்டும், செம்புக் கம்பி சுற்றியிருந்தால் கொங்கோ பக்கம். கடைசியில் அடிப்பூண், தண்டின் அடியில் மாட்டிய இரும்பு உறை. இவ்வளவும் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, பல நாள் யோசித்த பிறகு ஈட்டியின் பக்கத்தில் நின்று பெயரைச் சொல்வாள். சரியாக இருந்தால் இரும்பு லேசாகச் சூடாகும், காய்ச்சல்காரர் நெற்றிபோல. தவறாக இருந்தால் இறங்கி வந்து சொன்னவர் முன்னால் நிற்கும். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை போகாது, எங்கே போனாலும் கூட வரும். திரும்ப வாங்கிக்கொண்டால், கடைசியாக எந்தச் சுவரில் மாட்டியிருந்ததோ அதற்கே போய்விடும். அருங்காட்சியகக்காரர்கள் இதை ஒரு முறையாக ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் மூக்குக்கு நேராக ஒருமுறை நின்றால் ஒத்துக்கொள்வார்கள்.

சுவரில் ஏழு ஈட்டிகள் இருந்தன. ஆறுக்கு ஊர் தெரிந்துவிட்டது. ஏழாவதற்குத் தெரியவில்லை. அதன் இலை ஓர் ஊரைச் சொன்னது, குழல் இன்னோர் ஊரைச் சொன்னது, தண்டின் மரம் என்ன மரமென்றே தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக ரெங்கம்மா அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லும்போதெல்லாம் அது வந்து நிற்கும், அவள் மன்னிப்புக் கேட்பாள், அது போகும். இருவருக்கும் இது பழகியிருந்தது.

எட்டாவதும் ஒன்று இருந்தது, அது குளியலறையில். ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறை தவறான பெயரோடு தொங்கிய ஈட்டி அது. ரெங்கம்மா வாங்கி வந்து சரியான பெயரைச் சொன்னபோது சூடாகவில்லை. வேண்டுமென்றே தவறான பெயரைச் சொன்னாள், இறங்கவும் இல்லை. எந்தப் பெயருக்கும் அசையாத வெறும் கம்பாகியிருந்தது. பொய்யை ரொம்ப நாள் கேட்டால் இரும்பும் ஊமையாகிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதில் இப்போது ஈரத்துண்டு காய்கிறது.

பெயர் விஷயத்தில் ரெங்கம்மாவுக்குக் கோபம் சட்டென்று வரும். அதற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா இலங்கை மலைத் தோட்டத்தில் தேயிலைக்கு மண்வெட்டியவர். விடிகாலையில் கங்காணி என்ற மேற்பார்வைக்காரர் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்கு அங்கே பெரட்டு என்று சொல்வார்கள். கூப்பிட்டதும் கை தூக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பெயர் சற்று மாறிக் கூப்பிட்டாலும் தூக்கிவிட வேண்டும், திருத்திக்கொண்டிருந்தால் இன்னொருவன் தூக்கிவிடுவான். இந்தியாவுக்கே திரும்பச் சொல்லி இலங்கை அனுப்பியபோது, அந்தமானுக்குத் தெற்கே கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கிய அன்று, அதிகாரி ஒருவர் "மாரிமுத்து" என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. சன்னாசி என்ற பெயருடைய அப்பா பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். சாகும்வரை மாரிமுத்து. அங்கே அவர்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். மெயின்லேண்டுக்குப் போனால் அந்தமானா, அங்கே ஆள் இருக்கிறதா என்றார்கள். சுனாமிக்குப் பிறகு, கச்சாலில் அவர்கள் இருந்த லைன் வீடுகளின் இடத்தில் இப்போது கடல் இருக்கிறது, அதைக் கூப்பிடவும் ஒரு பெயர் இல்லை.

நிற்க. பாயசம் குடித்த மேற்படி நந்தகுமார் அடுத்த வாரமே திரும்ப வந்தார். தன் ரிசார்ட்டின் வரவேற்பறைக்கு ஏழு ஈட்டிகளையும் கொடுத்து வைத்தால் முழுநேரமும் ஏசியில் இருக்கும், உப்புக்காற்றுப் படாது என்றார். அவர் தொட்ட இடம் சரியான இடம். கடல்காற்று இரும்பை விடாது. ரெங்கம்மா எத்தனையோ வருஷமாக வாரம் தவறாமல் தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்தும், துருவே ஜெயித்துக்கொண்டிருந்தது. அந்த மாதமே கார்த்திகாவுக்கு ரிசார்ட்டில் வேலையும் வந்தது. ரெங்கம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தான் எழுதிக் கொடுக்கும் அட்டைகள் ஈட்டிகளுக்குக் கீழே இருக்க வேண்டும். ஏழு அட்டைகளிலும் தன் கையாலேயே மக்கள், ஊர், உத்தேசக் காலம் என்று எழுதினாள். ஏழாவதில் "ஊர் தெரியவில்லை" என்று எழுதினாள். நந்தகுமார் அட்டைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்.

அட்டைகள் அங்கே இரண்டு வாரம் இருந்தன. பிறகு ஏழுக்கும் சேர்த்துப் பித்தளைப் பலகை ஒன்று வந்தது, இவை அந்தமான் காட்டில் வாழும் ஜாரவா மக்களின் போர் ஈட்டிகள் என்று. அச்சுக்குக் கொடுத்தது கார்த்திகா. சாயங்காலம் ஐந்தரைக்கு ஷோ. ரூம் பாய்களுக்கு உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பில் ஓலை கட்டி ஆட விடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கைடு விருந்தினர்களைச் சோபாக்களில் உட்காரவைத்து, "சப் ஏக் சாத் போலோ!" என்பான். எல்லோரும் சேர்ந்து "ஜாரவா!" என்று கத்துவார்கள். ஏழு ஈட்டிகளும் இறங்கி வந்து நிற்கும். செல்ஃபி எடுப்பார்கள். கைடு கையைத் தூக்கினால் எல்லோரும் "சாரி" என்பார்கள், ஈட்டிகள் திரும்பிப் போகும். குழந்தைகள் இருந்தால் இன்னொரு தடவை. பெரிய கூட்டம் வந்தால் காலையிலும். கடும் அவமானத்துக்கென்று வைத்திருந்த கோபத்தை ஈட்டிகள் நாள்தோறும் சுற்றுலாக்காரர்களுக்காகச் செலவழித்தன. சுற்றுலாக்காரர்கள் நல்ல மதிப்புரை எழுதினார்கள்.

ரெங்கம்மா இதை அறிந்தது ஒச்சம்மா மூலம். ஒச்சம்மா சிப்பிகாட்டில் கீரை போடுகிறவள், ரிசார்ட்டுக்கும் கீரை கொடுக்கிறவள். செல்போனில் பிடித்த படத்தைக் காட்டி, "அக்கா, இது ஒங்க ஈட்டிதான? பிச்சக்காரன் மாதிரி வருது பாருங்க," என்றாள். ரெங்கம்மா பார்த்தாள். நடுவிலிருந்த ஈட்டி, கராச்சர்மாவில் டைல்ஸை உடைத்த அதே ஈட்டி, கூட்டத்தின் கத்தலுக்கு ஆணியிலிருந்து நழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, விருந்தாளி ஒருவனின் நாற்காலிக் கையில் சாய்ந்து நின்றது. தண்டு அதிரவில்லை. ரெங்கம்மாவுக்குக் குளியலறைக் கம்பு ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஏழும் அப்படித்தான். அவள் கார்த்திகாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நீதான் அச்சடிச்சியா?"

"ம்மா, கெஸ்டுக்கு இதெல்லாம் எங்கம்மா புரியும்? சார் சொன்னாரு, நான் மெயில் பண்ணேன். வேலைம்மா அது."

"ஒன் தாத்தனும் வேலைக்குத்தான்டி கையத் தூக்குனாரு."

கார்த்திகா போனை வைத்துவிட்டாள். ரெங்கம்மா வெளியே போகும்போது கட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அழகையா கூட வருகிறேன் என்றதற்கு, வந்தால் நீங்கள் சமாதானம் பேசுவீர்கள், இருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ரிசார்ட்டின் வரவேற்பறையில் ஷோ தொடங்க இன்னும் நேரம் இருந்தது. விருந்தினர்கள் இளநீரோடு சோபாக்களில் இருந்தார்கள். கார்த்திகா கவுன்டருக்குப் பின்னால் நின்றாள். நந்தகுமார் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். "வாங்கக்கா, வாங்க. சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்ல?"

"ஈட்டியக் குடு."

"என்னக்கா இப்பிடிப் பேசுறீக. அதுக இங்க எம்புட்டு பேமஸ் தெரியுமா? டில்லிலருந்து கேட்டு வாராக. இரும்பத் தொட்டுப் பாருங்க, ஒரு பொட்டு துரு இருக்கா?"

"ஜாரவாவுக்கு வில்லு. வில்லும் அம்பும். இந்த ஊருல ரோட்டு ஓரத்துல நிக்கிற போர்டப் படிச்சாலே தெரியும், அவங்களத் தொந்தரவு பண்ணாதன்னு. அவங்க ஒனக்கு என்னா செஞ்சாங்க, அவங்க பேரப் புடுங்கியாந்து என் ஈட்டி மேல ஒட்டுற? கரி பூசி ஆடவுட்டிருக்கியே, ஒன் மொகத்துல பூசிக்க ஏலாதா?"

நந்தகுமார் சிரித்தார். கோபக்காரப் பெண்களிடம் சிரிக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். "அக்கா, யாருக்குக்கா தெரியப் போவுது? அங்கயும் காடு, இங்கயும் காடு. அங்கயும் கருப்பு, இங்கயும் கருப்பு. ஈட்டியே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் குதிக்கிறீக? பாருங்க." அவர் சுவரைப் பார்த்து, நாயைக் கூப்பிடுவதுபோல் விரலைச் சொடுக்கி, "ஜாரவா!" என்றார்.

நடுவிலிருந்த ஈட்டி மட்டும் அசைந்தது. இறங்கியது. பாதி வழி வந்து, நிற்க முடியாமல் பூந்தொட்டியில் சாய்ந்துகொண்டது. மற்ற ஆறும் ஆணியிலேயே கிடந்தன. விருந்தினர் ஒருவர், ஷோ இவ்வளவுதானா என்று இந்தியில் கேட்டார். "சாரி, சாரி," என்று அவசரமாகச் சொல்லி நந்தகுமார் அதைத் திருப்பி அனுப்பினார். அது ஆணியில் ஏற இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

ரெங்கம்மா சுவரை நோக்கிப் போனாள். செக்யூரிட்டிகள் இருவர் குறுக்கே வந்தார்கள். "ஹாத் மத் லகாயியே, மேடம்ஜி." அவர்கள் இளைஞர்கள், இவளுக்கு மூட்டுவலி. தொட முடியாது என்று ஆனதும் அவள் நின்ற இடத்திலேயே காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். சிறுபிள்ளையாகக் கச்சாலில் விடிகாலையில் கேட்ட குரல் அவளிடமிருந்து வந்தது. தோட்டத்தின் மறு எல்லைவரை கேட்க வேண்டும் என்று இழுத்துக் கூப்பிடும் பெரட்டுக் குரல்.

"செங்கடல் மேட்டுப் பெஜா!"

பூந்தொட்டிவரை வந்து தளர்ந்த அந்த நடு ஈட்டி இறங்கியது. ஊன்றி ஊன்றி வந்து, அவளுடைய இடது பக்கம், அவளைப் பார்த்து அல்ல, அவள் பார்க்கும் திசையைப் பார்த்து நின்றது. வீட்டில் சரியான பெயருக்குச் சூடு மட்டும் காட்டிய ஈட்டி, பெரட்டுக்கு நடந்தே வந்துவிட்டது.

"மாசாய்!" கைப்பிடி அளவே மரமும் மற்றதெல்லாம் இரும்புமான நெட்டை ஈட்டி வந்தது. "ஜூலு!" குட்டைத் தண்டும் மாட்டுவால் தோலுமாக அது வந்தது. "பாலைவனத்துத் துவாரெக்!" உச்சி முதல் அடிவரை இரும்பான அது, நடக்கும்போது டைல்ஸில் மணிச்சத்தம் எழுப்பியது. "கொங்கோ ஆத்தங்கரை மோங்கோ!" செம்புக் கம்பி மினுங்க வந்தது. "அசாண்டே!" இலையோரமெல்லாம் முள் முள்ளாக அது வந்தது. ஆறும் தோளோடு தோள் வரிசை கட்டின. செக்யூரிட்டிகள் இருவரும், ஏனென்று தெரியாமல், வரிசையின் ஓரத்தில் நேராக நின்றுகொண்டார்கள். விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஒரு விருந்தினர் மட்டும் தட்டாமல் எழுந்து நின்றார்.

ஏழாவது சுவரிலேயே இருந்தது. கூப்பிட அதற்குப் பெயர் இல்லை. நந்தகுமார் அதைக் கண்டுகொண்டார். "அது எனக்கு, அக்கா. பேரு தெரியாதத நான் வச்சுக்கிறேன், ஒங்களுக்கு ஆறு," என்றார், ஏதோ பாகம் பிரிப்பவர்போல. சரியான பெயர் சொன்னால் அது வரும், அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. தவறான பெயர் சொன்னாலும் வரும், ஆனால் சொன்னவள் முன்னால் வந்து நிற்கும், வாக்கைத் திரும்ப வாங்கினால் இதே சுவருக்கு வந்து ஏறிக்கொள்ளும். அதாவது பொய் சொல்லித்தான் அதை இங்கிருந்து எடுக்க முடியும். சொன்ன பொய்யை, உண்மைப் பெயர் கிடைக்கும்வரை, திரும்ப வாங்கவே முடியாது. இந்தக் கணக்கை ரெங்கம்மா போட்டு முடிக்க ஒரு மிடறு இளநீர் குடிக்கும் நேரம்தான் ஆனது. யார் பெயரைத் திருடுவது என்பதற்குத்தான் கூடுதல் நேரம் ஆனது. கடைசியில் தன்னிடம் இருந்ததையே எடுத்தாள்.

"கச்சால்!" என்று கத்தினாள். "நீ கச்சால் ரப்பர் தோட்டத்து ஈட்டி!"

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் ஊமையாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். பிறகு ஆணி சுவரிலிருந்து காரையோடு பெயர்ந்து விழுந்தது. ஈட்டி நடக்கவில்லை, ஓடி வந்தது. விருந்தினர் மேசை ஒன்றைக் கவிழ்த்து, அவள் கால் விரல் நுனியில் சேலைக் கரையோடு சேர்த்து டைல்ஸைப் பிளந்து நின்றது. தண்டின் அதிர்வில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"அப்பாடா," என்றாள் ரெங்கம்மா. "கோவம் மிச்சம் இருக்கு."

ரெங்கம்மா வாசலை நோக்கித் திரும்ப, ஏழு ஈட்டிகளும் கூடவே நகர்ந்தன. நந்தகுமார் கதவை மூடச் சொல்லிக் கத்தினார். அது தானே திறந்து மூடும் கண்ணாடிக் கதவு, ஆள் வருவது தெரிந்தால்தான் திறக்கும், ஈட்டி வருவது அதற்குத் தெரியாது. அதை அணைக்கும் சாவி கவுன்டரில் கார்த்திகாவிடம் இருந்தது. கார்த்திகா கவுன்டரை விட்டு வெளியே வந்து, கதவு நடுவில் போய் நின்றாள். கதவு திறந்தபடியே இருந்தது. "கார்த்திகா, பந்த் கரோ! ஒன்னத்தான் சொல்றேன், மூடு!" என்றார் நந்தகுமார்.

"சென்சார்ல ஏதோ பிராப்ளம் சார்," என்றாள் கார்த்திகா, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அம்மாவும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைப் பிறகு ஒரு மாதம் முழுக்கச் சொன்னாள்.

பஸ்ஸில் அன்று ஆறு ஈட்டிகளும் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு வந்தன. ஏழாவது ரெங்கம்மாவின் முழங்காலுக்கு எதிரே நின்றது. கண்டக்டர், அழகையாவிடம் தொழில் பழகியவன், "அண்ணி, இதெல்லாம் டிக்கெட்டா, லக்கேஜா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் முன்னால் போய்விட்டான். நந்தகுமார் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்தவர் வரிசையைப் பார்த்து, இவையெல்லாம் எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டு, பதில் வருமுன் தானே ஒரு பதிலையும் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். ரிசார்ட்டுக்கு வெல்டிங் பட்டறையில் புது ஈட்டிகள் செய்து மாட்டினார்கள். இப்போதும் சாயங்காலம் அங்கே கத்துகிறார்கள், அவை இறங்குவதில்லை, பட்டறை இரும்புக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான்.

ஆனால் கராச்சர்மாவில் வேறொன்று நடந்தது. ஆறு ஈட்டிகளும் சுவரில் ஏற மறுத்தன. ஆணியில் மாட்டினால் இறங்கி வந்து முன்னறையில் மறுபடி வரிசையில் நின்றன. கோபமாக அல்ல, பொறுமையாக. எண்ணெய் போட்டால் போட விட்டன. விருந்தாளிகள் சோபாவுக்கும் வரிசைக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்கப் பழகினார்கள். மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் காலை அழகையா பிரம்பு நாற்காலியிலிருந்து சொன்னார்: "பெரட்டு எடுத்தல்ல? பேரக் கூப்ட்டா ஆள எங்கயாச்சும் அனுப்பணும் புள்ள. நிக்க வெச்சிட்டு நீ டீ குடிச்சா எப்புடி?"

"நான் என்னா கங்காணியா?"

"கங்காணி இல்லன்னா ஏன் கூப்ட்ட?"

அன்று முழுக்க ரெங்கம்மா பாத்திரங்களை வைத்த சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்டது. அவள் எண்ணெய், அவள் கண், அவள் சம்பளம், அவள் விடுமுறை நாட்கள், அவ்வளவும் போட்டுக் கண்டுபிடித்த பெயர்கள். சரியாகக் கண்டுபிடித்ததற்கு இது கூலியா என்று ஈட்டிகளைப் பார்த்தே கேட்டாள். அவை அவள் பார்க்கும் திசையையே பார்த்து நின்றன. நந்தகுமார் பொய்ப் பெயர் சொல்லிச் சுவரில் வைத்தான், நீ மெய்ப் பெயர் சொல்லிச் சுவரில் வைத்தாய் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதாயிற்று, சொல்லியிருந்தால் கையில் இருந்த தோசைக்கல் பறந்திருக்கும்.

மறுவாரம் அவள் எழுத உட்கார்ந்தாள். செங்கடல் மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு, நைஜர் பாலையில் ஒரு வைத்தியசாலைக்கு, கொங்கோவில் ஒரு மாதாகோவிலுக்கு, விலாசம் கிடைத்த இடத்துக்கெல்லாம். கார்த்திகா அதை ஆங்கிலத்தில் திருத்திப் படியெடுத்தாள். ஒவ்வொன்றிலும் இலை, குழல், கட்டு, அடிப்பூண், படம், கடைசியில் ஒரே கேள்வி: இதை வரச் சொல்கிறீர்களா? முதல் பதில் வாத்தியாரிடமிருந்து வந்தது. பெரியவர்கள் பார்த்தார்கள், வரச் சொல்லுங்கள் என்று இரண்டே வரி. ரெங்கம்மா அதை வரிசையின் முன்னால் உரக்கப் படித்தாள். பெஜா ஈட்டி வரிசையை விட்டு வெளியேறி, செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டி, சாலையில் இறங்கிப் போய்விட்டது. ஹேடோ துறைமுகத்தில் அது சரக்குக் கப்பலுக்குக் காத்து நின்றதைக் கூலிக்காரர்கள் பார்த்தார்கள், யாரும் அதை ஏதென்று கேட்கவில்லை. பல மாதம் கழித்து வாத்தியாரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஒரு கிழவர் அதை ஊன்றிக்கொண்டு ஆட்டுக்கு நடுவே நிற்கிறார், கேமராவை முறைக்கிறார். அடுத்த இரண்டு வருஷத்தில் வரிசை ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒவ்வொன்று போன அன்றும் ரெங்கம்மா சமைக்கவில்லை. அழகையா ரொட்டி வாங்கி வந்தார். சுவர் இப்போது வெறும் சுவர், ஆணிகள் மட்டும் இருக்கின்றன. கார்த்திகா கப்பல் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கிறாள்.

ஏழாவது போகவில்லை. ரெங்கம்மா எங்கே உட்கார்ந்தாலும் அவள் முன்னால் நிற்கிறது. சமைக்கும்போது அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில், கோவிலில் சாமிக்கும் அவளுக்கும் நடுவில். தூங்கும்போது கட்டில் காலடியில், தண்டு லேசாக அதிர்ந்துகொண்டே. ஒருமுறை அழகையா அதில் துண்டு போடப் பார்த்தார், துண்டு இரண்டாகக் கிழிந்தது. ஒரு வார்த்தை திரும்ப வாங்கினால் விடுதலை. ஆனால் திரும்ப வாங்கினால் அது சிப்பிகாட் சுவருக்குப் போய்விடும், முதலில் வீட்டு ஆணியில் மாட்டிவிடலாம் என்றால் கையில் பிடிபடுவதில்லை. எனவே அவள் வாங்கவில்லை. பொய்யைச் சொன்னவள் பொய்யின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், கோபத்தோடு, வயிறு நிறைய.

போன செவ்வாய்க்கிழமை கொல்லர்களைப் பற்றி எழுதும் ஓர் அம்மாளின் விலாசம் கிடைத்தது, எத்தியோப்பிய எல்லையில் ஓர் ஊர். ரெங்கம்மா ஈட்டியின் தண்டைச் சுற்றிக் கையை நீட்டி எழுதினாள்: "இலையின் நீளம் இது, குழலின் மடிப்பு இப்படி, மரம் தெரியவில்லை. என் ஊகம் எதையும் எழுதவில்லை, பத்தொன்பது வருஷம் ஊகித்தாயிற்று. உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தங்களுடையதாகத் தெரிந்தால் பெயரை எழுதுங்கள், கூப்பிட்டு அனுப்புகிறேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். தயவுசெய்து தோராயமாக எதையும் சொல்லாதீர்கள். இது என் முன்னால் நிற்கிறது." மடித்து உறையில் போட்டு, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். தபால் ஆபீஸில் கவுன்டர் பானு உறையை எடை போட்டாள், ஸ்டாம்பு ஒட்டினாள், முத்திரை குத்தி மெயின்லேண்ட் பையில் போட்டாள். பிறகு கண்ணாடிக்குள்ளிருந்து, "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கங்க, அது ஒங்களோட நகந்துக்கும்ல," என்றாள். ரெங்கம்மா நகர்ந்தாள், ஈட்டியும் நகர்ந்தது, அடுத்து நின்றவர் மணியார்டர் பாரத்தோடு கவுன்டருக்கு வந்தார்.